கூரையில் தொங்கிய தூளியும் ஒரு ரப்பர் வளையமும்

பழைய கார்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எஞ்சின், கியர்பாக்ஸ், துருப்பிடித்த பாடி என்று போகும். சீட்டை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் ஓட்டுபவரின் முழு எடையையும் வருடக்கணக்கில் தாங்குவது அதுதான். அதுவும் ஒரு ஸ்பிரிங்தான். ஸ்பிரிங் என்றால் ஒருநாள் தளர்ந்தே தீரும். அப்படித் தளரும்போது யார் அதைச் சரிசெய்ய முடியும் என்பதுதான் எனக்கு சுவாரஸ்யமான கேள்வி.

இதற்கு நல்ல உதாரணம் பிரான்ஸின் சித்ரோயன் 2சிவி.

1930களின் நடுவில் சித்ரோயன் நிறுவனம் டயர் கம்பெனியான மிஷ்லின் கைக்குப் போனது. அதன் பொறுப்பில் இருந்த பியர் பூலான்ஜே கிராமத்து விவசாயிக்காக ஒரு கார் கேட்டார். இரண்டு பேர், 50 கிலோ உருளைக்கிழங்கு, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். உழுத வயலில் ஓட்டினாலும் கூடையில் இருக்கும் முட்டை உடையக்கூடாது. ஆந்த்ரே லெஃபெவ்ர் தலைமையிலான குழு இதற்காக எடையை ஈவு இரக்கமில்லாமல் குறைத்தது. 1939 வாக்கில் தயாரான முன்மாதிரி வண்டிகளில் வழக்கமான சீட்டே கிடையாது! கூரையிலிருந்து கம்பிகளில் தொங்கும் தூளிதான். நம்மூரில் குழந்தைக்குக் கட்டுகிற தூளி மாதிரி, பெரியவர்களுக்கு.

போர் வந்தது. அந்த வண்டிகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன, சில ஒளித்துவைக்கப்பட்டன. அப்படி ஒளித்ததில் மூன்று, 1994ல்தான் ஒரு பழைய களஞ்சியத்தில் கிடைத்தன. கார் உலகுக்கு அறிமுகமானது 1948 அக்டோபரில், பாரிஸ் கண்காட்சியில். அதற்குள் கூரைக்கம்பி போய்விட்டது, ஆனால் தூளியின் தத்துவம் தங்கிவிட்டது. வளைத்த இரும்புக் குழாயில் ஒரு சட்டம், அதன்மேல் துணி, துணியைச் சட்டத்தோடு இழுத்துப் பிடிக்க ரப்பர் வளையங்கள். அவ்வளவுதான் சீட். கழற்றி எடுத்துப்போய் ஆற்றங்கரையில் போட்டு உட்காரலாம், உட்கார்ந்தார்கள்.

சரி, இது எப்படித் தேய்கிறது?

இயற்கை ரப்பருக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, இடைவிடாத இழுவை. நீட்டியே வைத்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, பழைய அளவுக்குத் திரும்பாது. இரண்டாவது, காற்றில் இருக்கும் ஓசோன். ரப்பர் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை அது வெட்டிவிடும். இதில் விசேஷம் என்னன்னா, சும்மா கிடக்கிற ரப்பரை விட இழுபட்டு நிற்கிற ரப்பரில்தான் ஓசோன் வெடிப்பு விழும். இழுவைக்குக் குறுக்காகக் கோடுகோடாகத் தெரியும். சீட்டில் இருக்கிற வளையத்துக்கு ஓய்வே இல்லை. யாரும் உட்காராத நேரத்திலும் அது இழுபட்டபடிதான் இருக்கிறது.

முதலில் ஒரு வளையம் அறும். அதன் சுமை பக்கத்து வளையங்களுக்குப் போகும், அடுத்து அவை அறும். சீட் ஒருபக்கம் சாயும், உட்கார்ந்தால் குழாய் தொடையில் இடிக்கும். அதனால்தான் அறுந்ததை மட்டும் மாற்றினால் போதாது. புது வளையம் விறைப்பாக இருக்கும், பழசு தொளதொளவென்று இருக்கும், சுமை சமமாகப் பிரியாது. மொத்தமாக மாற்றணும். மாற்றுவதற்கு முன் சட்டத்தில் துருவோ விரிசலோ இருக்கிறதா என்று பார்க்கணும். இரண்டு பக்கமும் மாறி மாறி மாட்டினால் துணி கோணாது. வழுக்கட்டுமே என்று எண்ணெயோ கிரீஸோ தடவினால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

கயிற்றுக் கட்டிலில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. கட்டில் தொய்ந்தால் கட்டிலைத் தூக்கிப் போடமாட்டோம், கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டுவோம்.

அதே காலத்தில் இத்தாலியில் பிரெல்லி கம்பெனி இதே ரப்பரை வேறுவிதமாக யோசித்தது. மார்கோ ஸனூஸோ என்ற வடிவமைப்பாளர் அவர்களுடைய நுரை ரப்பரையும் எலாஸ்டிக் பட்டைகளையும் வைத்துச் செய்த 'லேடி' நாற்காலிக்கு 1951 மிலான் கண்காட்சியில் தங்கப்பதக்கம் கிடைத்தது. பிறகு அந்தப் பட்டைகள் பல பிரிட்டிஷ் கார்களின் சீட்டுக்கு அடியிலும் போயின. அங்கும் அதே கதைதான்: பட்டை தொய்ந்தால் கொக்கியைக் கழற்றிப் புதுசு மாட்டலாம்.

பின்னால் அச்சில் வார்த்த பாலியூரிதேன் நுரை வந்தது. தாங்குவதும் வடிவமும் மெத்தையும் ஒரே கட்டியில். தயாரிப்பது எளிது, உட்கார சுகம். ஆனால் எது தேயுமோ அதைத் தனியாகப் பிரிக்க வழியில்லை, முழுக்கட்டியையும் மாற்றணும்.

எங்கள் மென்பொருள் தொழிலில் எது அடிக்கடி மாறுமோ அதைத் தனியே பிரித்து வை என்பார்கள். 2சிவி சீட்டைச் செய்தவர்கள் எது தேயுமோ அதைப் பிரித்து வைத்தார்கள். தேயாத பொருளைத் தேடவில்லை. தேய்வதை மலிவாக, கையால் கழற்றும்படி வைத்தார்கள். 38 லட்சத்துக்கும் மேல் விற்ற அந்தக் காரின் உற்பத்தி 1990 ஜூலையில் போர்ச்சுகலில் நின்றது. சீட் ரப்பர் வளையம் மட்டும் இன்றைக்கும் புதுசாகக் கிடைக்கிறது.