குர்ட் ஸெம்: வயிற்றைத் திறவாத அறுவை மருத்துவத்தின் தோற்றம்

குர்ட் ஸெம் 1927 மார்ச் 23 அன்று ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, அங்கேயே பேராசிரியர் ரிச்சர்ட் ஃபிகென்ட்ஷரிடம் மகளிர் நோய் மருத்துவராகப் பயிற்சி பெற்றார். 1970 முதல் 1995 வரை கீல் பல்கலைக்கழக மகளிர் மருத்துவமனையின் இயக்குநராகவும் பேராசிரியராகவும் இருந்தார். 1980இல் குடல்வாலை முழுவதுமாக லேப்ராஸ்கோபி வழியே அகற்றிய முதல் மருத்துவர் என்று அறுவை மருத்துவ வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது. ஆனால் அந்த ஒரு சிகிச்சையை மட்டும் வைத்து அவரை மதிப்பிட்டால், அதற்கு முந்தைய இருபது ஆண்டு உழைப்பு கண்ணில் படாமல் போய்விடும்.

வயிற்றுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் லேப்ராஸ்கோபி முறை ஸெம் கண்டுபிடித்ததன்று. 1901இல் கியோர்க் கெல்லிங் ஹாம்பர்க்கில் ஒரு நாயின் வயிற்றில் காற்றை நிரப்பி, சிறுநீர்ப்பை உள்நோக்கியால் உள்ளுறுப்புகளைக் காட்டினார். 1910இல் ஸ்டாக்ஹோமில் யாக்கோபேயஸ் அதை மனிதரிடம் செய்தார். 1940களில் பாரிசின் ரவுல் பால்மர், நோயாளியின் தலைப்பக்கத்தைத் தாழ்த்திக் குடலை மேலே சரியவிட்டு, கருப்பையையும் சினைப்பைகளையும் தெளிவாகக் காணும் வழியை வகுத்தார். இவர்கள் அனைவருக்கும் இம்முறை முதன்மையாக நோயறியும் வழி. உள்ளே பார்க்கலாம், ஒட்டியிருப்பதைச் சிறிது பிரிக்கலாம், திசுத் துணுக்கு எடுக்கலாம். பெரிய இரத்தக் குழாய் ஒன்று அறுந்தால் வயிற்றைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஸெம் இத்துறைக்குள் வந்தது குழந்தையின்மைச் சிகிச்சையின் வழியாக. கருக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று அறிய, கருப்பை வாய் வழியே வாயுவைச் செலுத்திப் பார்ப்பது அக்காலத்து வழக்கம். அதற்கான கருவியை ஃபிகென்ட்ஷரும் ஸெம்மும் 1950களில் செம்மைப்படுத்தினர். வாயு எந்த வேகத்தில் செல்கிறது, எதிர் அழுத்தம் எவ்வளவு என்று அளந்து பழகிய அந்த அனுபவம்தான் 1960களில் தானியங்கி வாயு நிரப்பியாக உருப்பெற்றது. லேப்ராஸ்கோபியில் வயிற்றுச் சுவர் கூடாரம்போல உயர்ந்து நிற்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் சுவர் தொய்ந்து கருவியின் முன் இடம் இல்லாமல் போகும். கூடினால் உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு மூச்சு தடைப்படும். பெருஞ்சிரைகள் அழுந்தி இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் குறையும். ஸெம்மின் கருவி கார்பன் டை ஆக்சைடை அளந்து செலுத்தியது, அழுத்தத்தைக் காட்டியது, வரம்பைத் தொட்டதும் தானே நின்றது. அவருடைய குடும்பத்தாரே மருத்துவக் கருவி நிறுவனம் நடத்தியது பேருதவியாக அமைந்தது. தேவை தோன்றிய இடத்திற்கும் கருவி உருவாகும் பட்டறைக்கும் இடையே தொலைவு இருக்கவில்லை.

1970இல் கீல் மருத்துவமனையின் பொறுப்பை ஸெம் ஏற்றார். அடிவயிற்றில் குறுக்காகப் போடும் கீறலை 1900இல் விவரித்த பிஃபானென்ஷ்டீல், 1907 முதல் 1909இல் இறக்கும் வரை தலைமை வகித்த இடம் அது. இன்றும் உலகெங்கும் பயன்படும் கீறலை வகுத்தவர் அமர்ந்த இருக்கையிலிருந்தே, கீறலையே தவிர்க்கும் முயற்சி பின்னாளில் வலுப்பெற்றது. தொடக்கத்தில் வரவேற்பு இல்லை. மூளையைப் பரிசோதித்துக்கொள்ளும்படி சக மருத்துவர்கள் தம்மிடம் வற்புறுத்தியதாக ஸெம் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். மூளை பாதிக்கப்பட்டவர்தான் இப்படி அறுவை செய்வார் என்பது அவர்கள் எண்ணம்.

எதிர்ப்பாளர்களின் அச்சம் முழுவதும் வெற்று அச்சம் என்று சொல்லிவிட முடியாது. கருத்தடைக்காகக் கருக்குழாயை உயர் அதிர்வெண் மின்னோட்டத்தால் கருக்கும் முறை பரவிய காலம் அது. மின்னோட்டம் நோயாளியின் உடல் வழியே பாய்வதால், அருகிலுள்ள குடல் கண்ணுக்குத் தெரியாமல் வெந்து சில நாள் கழித்துத் துளையாகும் விபத்துகள் நேர்ந்தன, உயிரிழப்புகளும் உண்டு. ஸெம் இதை உபகரணத்தின் குறையாகக் கண்டார். உடலுக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சாமல், இடுக்கியின் நுனியை மட்டும் ஏறத்தாழ 100 பாகை செல்சியசுக்குச் சூடாக்கித் திசுவை உறையச் செய்யும் கருவியை உருவாக்கினார். இருமுனை மின் இடுக்கிகள் பின்னர் இதன் இடத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டன. ஆயினும் பல ஆண்டுகள் கீல் மருத்துவமனையின் சிகிச்சைகளுக்கு இந்த வெப்பக் கருவியே அடித்தளம்.

சூட்டினால் எல்லா இரத்தப்போக்கையும் நிறுத்த முடியாது. பெரிய குழாய்களைக் கட்டியாக வேண்டும். இங்கேதான் ஸெம்மின் முழுத்திறமையும் வெளிப்படுகிறது. குழந்தைகளுக்கு அடிநாச் சதை (டான்சில்) அகற்றும்போது காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் கையாண்ட ரோடர் சுருக்கை அவர் வயிற்றுக்குள் கொண்டுவந்தார். முடிச்சு வெளியிலேயே போடப்பட்டிருக்கும். சுருக்கைக் குழாய் வழியே இறக்கி, கட்ட வேண்டிய திசுவை அதற்குள் இழுத்து, தள்ளுகோலால் முடிச்சை நெருக்கினால் அது இறுகி நிற்கும். அடுத்து ஊசியும் நூலும் உள்ளே செலுத்தித் தைக்கும் முறையையும், முடிச்சை வெளியே போட்டு உள்ளே தள்ளுவது, உள்ளேயே முடிச்சிடுவது என்னும் இரு வழிகளையும் ஒழுங்குபடுத்தினார். கட்டவும் தைக்கவும் முடிந்த நாளில்தான் லேப்ராஸ்கோபி அறுவை மருத்துவமாயிற்று என்று கூறுவது மிகையாகாது. சினைப்பைக் கட்டிகள், கருப்பைக்கு வெளியே தங்கிய கரு, கருப்பைச் சுவரில் வளரும் நார்க்கட்டிகள் ஆகியவை ஒவ்வொன்றாக இம்முறைக்குள் வந்தன. வயிற்றுக் குழியைக் கழுவி உறிஞ்சும் கருவி, பெரிய கட்டிகளைச் சிறுசிறு துண்டாக்கி வெளியே எடுக்கும் கருவி, மாணவர்கள் நோயாளியைத் தொடும் முன் கைப்பழக்கம் பெறுவதற்கான பயிற்சிப் பெட்டி எனப் பலவும் கீலில் உருவாயின.

1980 செப்டம்பரில், மகளிர் நோய்க்கான சிகிச்சையின் ஊடே, ஒரு பெண்ணின் குடல்வாலை ஸெம் இம்முறையிலேயே கட்டி, வெட்டி, துளை வழியே எடுத்தார். நெதர்லாந்தின் டி கோக் 1970களிலேயே உள்நோக்கியின் துணையுடன் குடல்வாலை அகற்றியிருந்தார். ஆனால் அது சிறு கீறல் வழியே வெளியே இழுத்து வெட்டும் முறை. கட்டுவது, வெட்டுவது, அடிப்பகுதியைத் தைத்து மூடுவது ஆகிய எல்லாவற்றையும் வயிற்றுக்குள்ளேயே முடித்தது ஸெம்மின் சாதனை.

இதற்குக் கிளம்பிய சினம் முந்தையதைவிடக் கடுமையானது. குடல்வால் பொது அறுவை மருத்துவரின் எல்லைக்கு உட்பட்டது. அதில் மகளிர் மருத்துவர் கைவைத்ததே பிழையாகப் பார்க்கப்பட்டது. பெரிய வல்லுநர் பெரிய கீறல் போடுவார் என்ற நம்பிக்கை வேரோடியிருந்த துறை அது. ஜெர்மன் அறுவை மருத்துவச் சங்கத்தின் தலைவர், ஸெம் மருத்துவம் செய்வதைத் தடைசெய்ய வேண்டும் என்று மகளிர் மருத்துவச் சங்கத்துக்கு எழுதினார். அமெரிக்க மகப்பேறு மருத்துவ இதழ் ஒன்று அவரது கட்டுரையை நெறிக்குப் புறம்பானது என்று திருப்பியனுப்பியது. 1983இல் ‘எண்டோஸ்கோபி’ இதழில் அது வெளியானது. இரத்தப்போக்கையும் தொற்றையும் பற்றிக் கேள்வி எழுப்பியவர்களுக்கு மதிப்பளிக்கலாம். தொழில் எல்லையைக் காக்க அறநெறியின் பெயரைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்த மதிப்பு உரியதன்று.

ஸெம்மின் முயற்சியால் ஊக்கம் பெற்றவர்களில் முதன்மையானவர் போப்லிங்கன் நகரின் அறுவை மருத்துவர் எரிக் மூஹே. 1985 செப்டம்பரில் அவர் பித்தப்பையை லேப்ராஸ்கோபி வழியே அகற்றினார். 1986இல் ஜெர்மன் அறுவை மருத்துவச் சங்க மாநாட்டில் அதைச் சொன்னபோது ஏற்பார் இல்லை. 1992இல்தான் அதே சங்கம் அவருக்குப் பரிசளித்தது. 1987இல் லியோனில் பிலிப் மூரே பித்தப்பையை அகற்றிய பிறகு, வீடியோ கேமராவின் துணையோடு இம்முறை சில ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. ஸெம் தம் முதல் சிகிச்சைகளை உள்நோக்கியின் கண்வில்லையில் நேரடியாகக் கண்பதித்தே செய்தார். திரை வந்தபின் உதவியாளரும் அதே காட்சியைக் கண்டு கைகொடுக்க முடிந்தது. பரவலின் வேகத்துக்கு இது முக்கியக் காரணம்.

கருப்பை அகற்றும் சிகிச்சையில் அமெரிக்காவின் ஹாரி ரைக் 1988இல் முந்திக்கொண்டார். ஸெம் 1991இல் வேறொரு வழியை முன்வைத்தார். கருப்பையின் மேற்பகுதியை அகற்றி, கருப்பை வாயின் நடுப்பகுதியை மட்டும் குடைந்தெடுத்து, இடுப்புத்தளத்தைத் தாங்கும் திசுக்களை அப்படியே விட்டுவைப்பது அதன் அடிப்படை. இத்தகைய சிகிச்சைகளில் கட்டிகளைத் துண்டாக்கும் கருவிகள் பின்னாளில் மின்விசையால் இயங்கத் தொடங்கின. அறியப்படாத புற்றுநோய் இருந்தால் அது வயிற்றுக்குள் சிதறக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரித்தபின் அவற்றின் பயன்பாடு சுருங்கியது.

1995இல் ஓய்வு பெற்ற ஸெம் அமெரிக்காவில் குடியேறினார். பார்கின்சன் நோயால் அவதியுற்று, 2003 ஜூலை 16 அன்று அரிசோனாவின் டூசான் நகரில் காலமானார். கீலில் அவருடன் நெடுங்காலம் பணியாற்றிய லீஸலோட்டே மெட்லர், வெளிநாட்டு மருத்துவர்களுக்கு இம்முறையைக் கற்பிக்கும் பணியைத் தொடர்ந்து நடத்தினார்.