அளவெடுக்கப்படாத கைகள்

“மேடம், வில் வாங்கப் போறேன். கூட வர்றீங்களா?” என்று என் பழைய மாணவி கேட்டபோது நான் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில், அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். அது ஒரு கோடை விடுமுறை. எம்.ஏ. வகுப்பில் அவளுக்குச் சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியை நடத்தியவள் நான். அதில் எயினர் குலக் குமரி ஒருத்திக்குக் கொற்றவைக் கோலம் புனைந்து, கையில் வில்லைக் கொடுத்து, கலைமான் மேல் ஏற்றுவார்கள். வில்லேந்திய பெண் என்றால் என் மனத்தில் வருவது அந்தக் குமரிதான். செப்டம்பர் மாதம் காட்டுக்குப் போய், மரத்தடியில் காத்திருந்து, ஒரு மானை வீழ்த்தி அதன் இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவர நினைக்கும் பெண்ணை நான் அறிந்ததில்லை.

எனக்கு அது உவப்பாகவும் இல்லை. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பது குற்றம். அங்கே அது உரிமம் பெற்று, பருவம் பார்த்து, எண்ணிக்கைக்கு உட்பட்டுச் செய்யும் செயல். “எதுக்குடி இது?” என்று கேட்டேன். “கடையில வாங்குற கோழிய யாரோ கொன்னு தர்றாங்க மேடம். ஒரு தடவையாவது நானே செய்யணும். அப்புறம்தான் கறி சாப்பிடலாமா வேண்டாமான்னு சொல்ல எனக்குத் தகுதி இருக்கும்” என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. கூடப் போனேன்.

கடைக்காரர் அவளோடு வந்த கணவரைப் பார்த்து, “எவ்வளவு விலையில் பார்க்கிறீர்கள்?” என்று கேட்டார். வாங்கப்போவது அவள் என்று தெரிந்ததும் உள்ளே போய் இளஞ்சிவப்பு நிற வில் ஒன்றை எடுத்து வந்தார். பெண்களுக்கானது, கனம் குறைவு, சுலபமாக இழுக்கலாம் என்றார். அவளுடைய கை எவ்வளவு நீளம் என்று கடைசிவரை கேட்கவில்லை. வீட்டில் இருந்த கணவரின் வில்லை அவள் முன்பே இழுத்துப் பார்த்திருந்தாள். நாண் முன்கையில் உரசி அடித்துச் செய்த கன்றல் இன்னும் ஆறவில்லை. “எனக்கு பலம் பத்தாது போல” என்று அன்று இரவு சொன்னாள். அந்த ஒரு வாக்கியம்தான் என்னை வில்லின் வரலாற்றைத் தேட வைத்தது.

பெண்ணின் உடல் வில்லுக்கு ஒத்துவராது என்ற எண்ணம் மிகப் பழையது. கிரேக்கர்கள் அமேசான் பெண்களைப் பற்றிச் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும்: நாணை இழுக்கத் தடையாக இருக்கும் என்று அவர்கள் ஒரு மார்பை அறுத்துக்கொண்டார்களாம். ‘அமேசான்’ என்ற பெயருக்கே ‘மார்பு இல்லாதவள்’ என்று அவர்கள் பொருள் சொல்லிவைத்தார்கள். ஆனால் அதே கிரேக்கர்களின் மட்பாண்ட ஓவியங்களிலும் சிற்பங்களிலும் அமேசான்கள் இரண்டு மார்புகளோடுதான் இருக்கிறார்கள். கருங்கடலுக்கு வடக்கே, ஸ்கித்திய மக்களின் புதைமேடுகளில், அம்புகளோடு அடக்கம் செய்யப்பட்ட பெண்களின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அவர்கள் வில்லெடுக்க எதையும் அறுக்க வேண்டியிருக்கவில்லை. இன்று வில் பழகும் பெண்கள் சட்டை நாணில் சிக்காமலிருக்க மார்பின் மேல் ஒரு சிறு காப்புத் துணியைக் கட்டிக்கொள்கிறார்கள். ஆண்களில் பலரும் அதைக் கட்டுகிறார்கள். கதை சொன்னவர்கள் உடலை வெட்டினார்கள், வில்லைப் பிடித்தவர்கள் உடையைச் சரிசெய்தார்கள்.

பெண்களுக்கு வில் எப்போதும் மறுக்கப்பட்டது என்று சொல்லிவிடவும் முடியாது. பிரிட்டனில் 1787-இல் தொடங்கப்பட்ட ‘ராயல் பிரிட்டிஷ் போமென்’ சங்கம் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேல்தட்டுப் பெண்கள் வெளியில் விளையாட அனுமதிக்கப்பட்ட மிகச் சில விளையாட்டுகளில் வில்வித்தையும் ஒன்று. ஓட வேண்டாம், வியர்க்க வேண்டாம், நிமிர்ந்து நின்றால் போதும், பார்க்கவும் அழகு. இடுப்பை இறுக்கிய உடையோடு, தரையைத் தொடும் பாவாடையோடு அவர்கள் அம்பெய்தார்கள். 1904-இல் செயின்ட் லூயி ஒலிம்பிக்கில் ஒஹையோவைச் சேர்ந்த லைடா ஹோவெல் வில்வித்தையில் மூன்று தங்கம் வென்றார். 1883 முதல் 1907 வரை அவர் 17 முறை அமெரிக்கத் தேசியப் பட்டம் வென்றவர். 1908-இல் லண்டன் ஒலிம்பிக்கில் குவீனி நியூவல் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 53.

ஆனால் அந்தப் போட்டிகளின் தூரங்களைப் பாருங்கள். ஆண்களின் யார்க் சுற்றில் இலக்கு 100 கஜத்தில் தொடங்கும். பெண்களின் நேஷனல் சுற்றில் அதிகபட்சமே 60 கஜம். இன்னொரு தூரமும் இருந்தது, அதை எந்த விதிப்புத்தகமும் எழுதவில்லை. அமெரிக்காவில் வில் மீதான மோகத்தைக் கிளப்பியது மாரிஸ் தாம்சன் 1878-இல் வெளியிட்ட ‘தி விட்சரி ஆஃப் ஆர்ச்சரி’ என்ற புத்தகம். அது காட்டில் வில்லோடு திரிந்த ஆணின் அனுபவம். அடுத்த ஆண்டே தேசிய வில்வித்தைச் சங்கம் உருவாகி, போட்டிகளில் பெண்களும் நின்றார்கள். வெட்டிச் சீராக்கிய புல்வெளி பெண்களுக்கு உண்டு, காடு ஆண்களுக்கு. வில் ஒன்றுதான், அது போகக்கூடிய இடம்தான் வேறு.

என் மாணவி வாழும் விஸ்கான்சினிலேயே இந்தக் கதையின் அடுத்த பகுதி இருக்கிறது. அது ஹோ-சங்க் மக்களின் மண். அவர்களுடைய நிலம் ஒப்பந்தங்களால் பறிக்கப்பட்டு ஒரு நூற்றாண்டு கழித்து, 1934-இல், வில்லுக்கென்றே தனியாக மான் வேட்டைப் பருவம் ஒன்றை அந்த மாநிலம் அறிவித்தது. சூழலியல் சிந்தனையாளர் ஆல்டோ லியோபோல்ட் அப்போது மேடிசனில் வாழ்ந்தார். 1949-இல், அவர் இறந்த மறு ஆண்டு, வெளிவந்த ‘எ சாண்ட் கவுண்டி அல்மனாக்’ அவரை உலகறியச் செய்தது. அவர் மனைவி எஸ்தெல்லாவை அவ்வளவு பேர் அறியமாட்டார்கள். நியூ மெக்சிகோவின் ஸ்பானிய வழிக் குடும்பத்தில் பிறந்த எஸ்தெல்லா, 1930-களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் மாநிலப் பெண்கள் வில்வித்தைப் பட்டத்தைத் தொடர்ந்து வென்றவர். லியோபோல்ட் மரத்தைத் தேர்ந்து, வீட்டிலேயே செதுக்கி, குடும்பத்தாருக்கு வில் செய்துகொடுத்தார். வீட்டில் செதுக்கும் வில்லை அதை ஏந்தப்போகிறவரின் கைக்கும் உயரத்துக்கும் ஏற்பச் செதுக்க முடியும். கடைக்கு வந்தபோது வில் இழந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

காம்பவுண்ட் வில் பிறந்தது 1960-களில். மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1966-இல் விண்ணப்பித்து, 1969-இல் காப்புரிமை பெற்றார். வில்லின் இரு முனைகளிலும் மையம் விலகிய கப்பிகளைப் பொருத்தியதுதான் அவர் செய்த மாற்றம். பழைய வில்லில் இழுக்க இழுக்கச் சுமை கூடிக்கொண்டே போகும். குறிபார்த்து நிற்கும் நேரத்தில்தான் முழுச்சுமையும் விரலில் இருக்கும். காம்பவுண்டில் நடுவழியில் சுமை உச்சம் தொட்டு, கப்பி திரும்பியதும் சட்டென்று இறங்கிவிடும். இன்றைய வில்கள் பலவற்றில் 75 முதல் 85 சதவீதம்வரை குறைகிறது. 40 பவுண்டு இழுவிசை கொண்ட வில்லில் 80 சதவீதம் குறைந்தால், முழுதாக இழுத்தபின் கையில் நிற்பது 8 பவுண்டு மட்டுமே. மான் ஒரு அடி எடுத்துவைக்கும்வரை காத்திருக்கலாம், கை நடுங்காது. தோள்பலத்தின் பெயரால் பெண்ணை விலக்கிவைத்த வாதம் இந்தக் கப்பியோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. காரணமும் அந்த இயந்திரத்திலேயே இருக்கிறது. பழைய வில்லை நம் கை போகும்வரை இழுத்து நிறுத்தலாம். காம்பவுண்ட் வில் கப்பி நிர்ணயித்த நீளத்தில் சுவரில் முட்டியதுபோல நின்றுவிடும். அந்த இழுநீளம் யாருக்காக வைக்கப்பட்டதோ அவர் கைக்குத்தான் அது பொருந்தும். இரண்டு அங்குலம் கூடுதல் என்றால் முழங்கை பூட்டிக்கொள்ளும், தோள் உயரும், முதுகு பின்னால் சாயும், நாண் முன்கையில் அடிக்கும். என் மாணவியின் கையில் இருந்த கன்றல் அதுதான். அவளுக்குப் பலம் குறைவு என்று அது சொல்லவில்லை. அந்த வில் இன்னொருவருடையது என்றுதான் சொன்னது.

இதை அவளுக்குக் கண்டுபிடித்துச் சொன்னவர் பயிற்சி மைதானத்தில் இருந்த ஒரு வயதான ஆசிரியை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன்ஸ் பாயின்ட் வளாகத்தில் பேராசிரியர் கிறிஸ்டின் தாமஸ், வேட்டையிலிருந்தும் மீன்பிடிப்பிலிருந்தும் பெண்களை விலக்கிவைப்பது எது என்று கேட்டு, 1991-இல் பெண்களுக்கான பயிலரங்கு ஒன்றைத் தொடங்கினார். அது பின்னர் பல மாநிலங்களுக்குப் பரவியது. கற்றுத்தர ஆள் இல்லாததே பெரிய தடை என்பது அதன் அடிப்படை. அப்படிப்பட்ட பயிலரங்கு ஒன்றில் கற்றவர்தான் அந்த ஆசிரியை.

அவர் முதலில் என் மாணவியைச் சுவரோரம் நிறுத்தி, இரு கைகளையும் விரிக்கச் சொல்லி, விரல் நுனி முதல் விரல் நுனிவரை டேப்பால் அளந்தார். 62 அங்குலம். அதை 2.5-ஆல் வகுத்தால் 24.8. அவள் இழுநீளம் ஏறக்குறைய 25 அங்குலம். கணவரின் வில் 29. பிறகு இரு உள்ளங்கைகளையும் சேர்த்து ஒரு சிறு இடைவெளி விட்டு, அதன் வழியே தூரத்து மரம் ஒன்றைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடவைத்தார். எந்தக் கண் திறந்திருக்கும்போது மரம் இடைவெளியிலேயே நிற்கிறதோ அதுவே ஆதிக்கக் கண். வலக்கை வில்லா இடக்கை வில்லா என்பதை முதலில் அதை வைத்து யோசிக்க வேண்டும்.

அடுத்தது இழுவிசை. நாற்காலியில் உட்காரவைத்து, பாதங்களைத் தரையிலிருந்து தூக்கச் சொன்னார். வில்லை வானத்தை நோக்கி உயர்த்தாமல், இலக்குக்கு நேராகப் பிடித்தபடி மெதுவாக இழுக்க முடிகிற எடைதான் உன் எடை என்றார். 45 பவுண்டில் அவள் உடல் முறுக்கியது. 36-இல் சீராக வந்தது. விஸ்கான்சினில் மான் வேட்டைக்கு வில் குறைந்தது 30 பவுண்டு இருக்க வேண்டும் என்பது சட்டம். 32-இல் தொடங்கு, பழகப் பழக 40-க்கு ஏற்று என்றார். இழுநீளத்தையும் இழுவிசையையும் பரந்த எல்லைக்குள் மாற்றிக்கொள்ளக்கூடிய வில்லாக வாங்கினால், உடம்பு மாறும்போது வில்லை மாற்ற வேண்டியதில்லை. கையில் நீட்டிப் பிடித்து ஒரு நிமிடம் நின்று பார், விலையைக் கடைசியில் கேள் என்றும் சொன்னார்.

நான் கேட்டேன்: “லேசான வில் என்றால் அவமானம் இல்லையா?” அவர் சிரிக்கவில்லை. தன்னால் முடியாத எடையை வீம்புக்கு இழுப்பவர் கை நடுங்கி மானின் வயிற்றில் அடிப்பார், அது ஒரு நாள் முழுக்க ஓடிச் சாகும் என்றார். அகன்ற அலகுள்ள கூரிய அம்பு, பக்கவாட்டில் நிற்கும் மானின் நுரையீரலுக்குள் போனால் சில நொடிகளில் முடிந்துவிடும். அதற்கு வேண்டியது துல்லியம். தப்பான அளவு பெண்ணுக்கு இழைக்கப்படும் அநீதி மட்டுமில்லை, அதன் விலையைக் கொடுப்பது மானும்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

2016-இல் விஸ்கான்சின், வேட்டைக்காரர்கள் பாதுகாப்புக்காக அணியும் பளிச்சிடும் ஆரஞ்சு நிறத்தோடு இளஞ்சிவப்பையும் சட்டப்படி ஏற்றது. பெண்களை வேட்டைக்கு ஈர்க்கும் என்றார்கள். வேட்டையாடும் பெண்கள் சிலரே அதை எதிர்த்தார்கள். எனக்கு இளஞ்சிவப்போடு சண்டை இல்லை. நிறத்தைக் கொடுத்துவிட்டு அளவைக் கொடுக்காமல் இருப்பதோடுதான் சண்டை.

அவள் வாங்கியது கறுப்பு நிறத்தில், ஒருவர் பயன்படுத்திய வில். 25 அங்குலத்துக்கு மாற்றிக்கொண்டாள். கோடை முழுக்கப் பழகி, 20 கஜத்துக்குள் அவள் அம்புகள் ஒரு தட்டளவு வட்டத்தில் விழுந்தன. அந்தத் தூரத்துக்கு மேல் எய்வதில்லை என்று தனக்குத்தானே ஒரு விதி வைத்துக்கொண்டாள். அக்டோபரில் ஒரு விடியலில் எனக்குச் செய்தி வந்தது: “ஒரு பெட்டை மான் வந்துச்சு மேடம். 35 கஜம் இருக்கும். அரைமணி நேரம் மேஞ்சுட்டுப் போயிடுச்சு. நான் இழுக்கவே இல்ல.”

வேட்டை பற்றிய என் தயக்கம் இன்னும் தீரவில்லை. ஆனால் அடுத்த முறை வேட்டுவ வரி நடத்தியபோது, குமரியின் கையில் வில் கொடுத்த இடத்தில் நிறுத்தி, மாணவிகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். அந்த வில் யாருடைய கைக்கு அளவெடுத்துச் செய்தது?