ஃபராஇழ் கணக்கும் பொதுக் காரணியும்

ஹட்டன் பஸாரில் ஒரு கடைக்காரர் மௌத்தாகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, உம்மா, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். வாப்பா முன்னரே காலமானவர். கடன், வஸிய்யத் எல்லாம் தீர்ந்தபின் 72 இலட்சம் ரூபா மிஞ்சுகிறது. ‘கணக்கெல்லாம் எதுக்கு, ஒத்துமையாப் பிரிச்சுக்குவோம்’ என்பார் ஒருவர். அப்படிப் பிரிக்கையில் தேய்ந்துபோவது அநேகமாக மகளின் பங்குதான்.

மனைவிக்கு 1/8, உம்மாவுக்கு 1/6. இரண்டுக்கும் பொதுவான பகுதி எண் வேண்டும். நம் பிள்ளைகள் பாடசாலையில் படிக்கும் பொ.கா.பெ., அதாவது பொதுக் காரணிகளுட் பெரியது, இங்கேதான் உதவிக்கு வருகிறது. 8இல் 6 போக 2. 6இல் 2 போக 4. அதில் 2 போக 2. இரு பக்கமும் 2இல் வந்து நின்றுவிட்டது, அதுவே பொ.கா.பெ. ஆகவே 8இன் பாதியை 6ஆல் பெருக்க 24.

இவ்வழியை கி.மு. 300 அளவில் யூக்ளிட் தமது நூலின் ஏழாம் பாகத்தில் எழுதினார். ஹாரூன் ரஷீத் காலத்தில் அல்-ஹஜ்ஜாஜ் இப்னு யூஸுஃப் இப்னு மதர் அந்நூலை அறபுக்குக் கொண்டுவந்தார். அல்-குவாரிஸ்மியின் அல்ஜப்ர் நூலில் கணிசமான பகுதி வஸிய்யத், வாரிசுக் கணக்குகளே. பின்னர் ஸஜாவந்தியின் ‘ஸிராஜிய்யா’ என்ற ஹனஃபி நூல், இதே கழித்தல் முறையை ஃபராஇழ் மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தது. 1792இல் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் அதை ஆங்கிலமாக்கினார்.

இரு எண்களின் உறவை ஃபராஇழ் நூல்கள் நான்காக வகுக்கின்றன. இரண்டும் சமமானால் தமாஸுல்; ஒன்று மற்றதை மீதியின்றி வகுத்தால் ததாகுல்; 8, 6 போலப் பொதுக் காரணி இருந்தால் தவாஃபுக்; 1 தவிர வேறெதுவும் பொதுவில்லையென்றால் தபாயுன்.

இனி மிச்சக் கணக்கு. 24இல் மனைவிக்கு 3, உம்மாவுக்கு 4, மீதி 17. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என மூன்று பாகம். 17க்கும் 3க்கும் தபாயுன். எனவே 24ஐ 3ஆல் பெருக்கி 72. மனைவிக்கு 9, உம்மாவுக்கு 12, மகனுக்கு 34, மகளுக்கு 17. கூட்டிப் பாருங்கள், 72 சரியாக வரும்.

இலங்கையில் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டமும், இறந்தவர் சார்ந்த மத்ஹபின்படியே பங்கிடச் சொல்கிறது. சட்டம் இருந்தாலும் கணக்குப் போட ஆள் வேண்டும். பொ.கா.பெ. தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் போதும். அந்த 17 இலட்சம் எப்படி வந்தது என்று காகிதத்தில் போட்டுக் காட்டிவிடும்.