நகையும் அஞ்சலும்: பழைய வேடிக்கை அட்டைகளின் வரலாறு

நாணயம் சேர்ப்போர் உண்டு. அஞ்சல்தலை சேர்ப்போர் அவரினும் மிகுதி. தீப்பெட்டிப் படம் சேர்க்காத பள்ளிச் சிறுவன் ஒரு காலத்தில் நம் பழனி வட்டாரத்தில் அரியவன். ஆனால் அஞ்சலட்டை சேர்ப்பவர் நம்மிடையே மிகச் சிலரே. அவருள்ளும், வேடிக்கைப் படம் அச்சிட்ட பழைய அட்டைகளை மட்டுமே உலகெங்கும் தேடித் தொகுப்பவர் எனில், அவரைச் சற்று விந்தையாகத்தான் ஊர் நோக்கும். காலணாப் பெறுமான அட்டையில் என்ன வரலாறு இருந்துவிடப் போகிறது என்று கேட்பவரும் உண்டு.

அரசர்கள் தம் கொடையையும் வெற்றியையும் கல்லில் பொறித்தார்கள். மக்கள் எதைக் கண்டு நகைத்தார்கள், எவரை நகைத்தார்கள் என்பதை எந்தக் கல்வெட்டும் கூறுவதில்லை. அதைக் கூறுபவை இத்தகைய அற்பப் பொருள்களே. நகை பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலையே தொல்காப்பியர் முதலில் வைத்தார். எள்ளுபவர் ஒருவர், எள்ளப்படுபவர் மற்றொருவர் என்று இருவர் இல்லாமல் எள்ளல் நிகழாது. அவ்விருவர் யார் யார் என்று கேட்டுக்கொண்டே பார்த்தால் ஒவ்வொரு வேடிக்கை அட்டையும் ஒரு சிற்றாவணமாக விரியும்.

அஞ்சலட்டையின் பிறப்பு ஆஸ்திரியாவில் நிகழ்ந்தது. குறைந்த செலவில் சில வரிகளை அனுப்ப உறையில்லாத ஓர் அட்டை போதுமே என்று எமானுவேல் ஹெர்மன் என்னும் பொருளியல் பேராசிரியர் 1869ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வியன்னா நாளிதழ் ஒன்றில் எழுதினார். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலேயே அரசு அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சரியாக ஓராண்டு கழித்துப் பிரிட்டனும் பின்பற்றியது. இந்தியாவிற்கு அது 1879 ஜூலை முதல் நாள் வந்தது, விலை காலணா. அந்த நாளில் மூடிய கடிதத்திற்குக் குறைந்த கட்டணமே அரையணா ஆகும்.

எனினும் முறையான அஞ்சலட்டை தோன்றுவதற்கு முன்பே ஒரு குறும்பர் அதனைத் தாமே உண்டாக்கிக்கொண்டார் என்பது சுவையான செய்தி. இலண்டனில் வாழ்ந்த எழுத்தாளர் தியடோர் ஹுக் என்பார் 1840இல் ஓர் அட்டையில் கையால் வண்ணப்படம் வரைந்து, உலகின் முதல் அஞ்சல்தலையாகிய ‘பென்னி பிளாக்’ ஒட்டி, தம் முகவரிக்கே அனுப்பிக்கொண்டார் என்று கருதப்படுகிறது. ஒரு பெரிய மைக்கூட்டைச் சுற்றி அஞ்சல் அலுவலக எழுத்தர்கள் அமர்ந்திருப்பதாகக் கேலி செய்யும் படம் அது. இவர் 1810இல் ஏராளமான பொய்க் கடிதங்களை எழுதி, இலண்டன் தெருவொன்றில் ஒரே வீட்டு வாயிலில் வணிகரையும் வண்டிகளையும் நாள் முழுதும் குவியச் செய்தவர். அத்தகையவரிடம் வேறென்ன எதிர்பார்க்க இயலும்? அந்த அட்டை 2002இல் 31,750 பவுனுக்கு ஏலம் போயிற்று. அறியப்பட்ட படஅஞ்சலட்டைகளில் மிகப் பழையது ஒரு வேடிக்கை அட்டையே என்பதும், அந்த வேடிக்கை அதனைச் சுமந்து சென்ற அஞ்சல்துறையையே குறிவைத்தது என்பதும் நம் போன்றோர்க்குப் பெருமிதம் தரும்.

பிரிட்டனில் 1894இல் தனியார் படஅட்டைகளுக்கு இசைவு கிடைத்தது. ஒரே பக்கத்தில் முகவரிக்கு ஒரு பாதி, செய்திக்கு ஒரு பாதி என்னும் பிரிப்பு 1902இல் வந்தது. அதன்பின் மறுபக்கம் முழுவதும் படத்திற்கே உரியதாயிற்று. பின்னர் நிகழ்ந்தது ஒரு வெள்ளம். அமெரிக்காவில் மட்டும் 1908 ஜூனில் முடிந்த ஓராண்டில் 67 கோடிக்கு மேற்பட்ட அட்டைகள் அஞ்சலில் சென்றன. இவற்றில் பெரும்பங்கு ஜெர்மனியில் அச்சானவை. சென்னையில் விற்ற அட்டைகள் பலவும் அங்கிருந்தே அச்சாகிக் கப்பலேறி வந்தன. முதல் உலகப்போர் அந்த வழியை அடைத்தது.

வேடிக்கை அட்டைகளின் வகைகள் பல. பூனைகளுக்கு மனித உடை அணிவித்து விருந்துண்ணச் செய்த லூயி வெய்னின் படங்கள் ஒரு வகை. என் உள்ளங்கவர்ந்தவை அமெரிக்கச் சமவெளிகளில் தோன்றிய ‘பெரும்பொய்’ அட்டைகள். கான்சாஸ் மாநிலத்து டாட் மார்ட்டின் என்னும் புகைப்படக்காரர் 1908 முதல் இவற்றை விற்றார். ஒரு வண்டி முழுவதையும் நிறைக்கும் ஒற்றை உருளைக்கிழங்கு, வாளால் அறுக்க வேண்டிய மக்காச்சோளக் கதிர் என்று, புகைப்படங்களைப் பெரிதாக்கி வெட்டி, வேறொரு படத்தின்மீது ஒட்டி, மீண்டும் படமெடுத்து அவர் செய்த கைவேலை அது. நம் ஆயக்குடிக் கொய்யாவை எவரும் அவ்வாறு மாட்டுவண்டியில் ஏற்றிப் படமெடுக்கவில்லையே என்ற ஏக்கம் எனக்கு இன்றும் உண்டு.

ஆனால் இந்த வேடிக்கைக்குப் பின்னால் ஒரு துயரமும் உண்டு. அதே கான்சாஸில் 1930களில் வறட்சியும் புழுதிப்புயலும் உழவரை வாட்டின. வெட்டுக்கிளிக் கூட்டம் பயிரைத் தின்றது. அப்போது ஃபிராங்க் கானார்ட் என்பவர், ஆளுயர வெட்டுக்கிளியை மனிதர் கயிறிட்டுப் பிடிப்பதுபோல அட்டைகள் செய்தார். விளைச்சலை இழந்தவர்களே அவற்றை வாங்கி உறவினருக்கு அனுப்பினார்கள். மானாவாரி நிலத்தில் வானம் பார்த்துக் காத்திருந்து பழகிய திண்டுக்கல் சீமையார்க்கு இந்தச் சிரிப்பின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. இங்கே எள்ளுபவரும் எள்ளப்படுபவரும் ஒருவரே.

இங்கிலாந்தில் டொனால்ட் மெக்கில் (1875–1962) ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் அட்டைகள் வரைந்தார். பருத்த மனைவி, மெலிந்த கணவன், குடிகாரன், மாமியார், இரட்டைப் பொருள் தரும் ஒரு வரி: இவ்வளவே அவருடைய உலகம். கடற்கரைக்கு விடுமுறையில் வந்த உழைப்பாளர் அவற்றை அள்ளிச் சென்றனர். ஜார்ஜ் ஆர்வெல் 1941இல் அவரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதியபோதுதான் கற்றோர் உலகம் அவரை ஏறிட்டுப் பார்த்தது. ஆனாலும் 1954இல் லிங்கன் நகர நீதிமன்றத்தில், 1857ஆம் ஆண்டின் ஆபாச வெளியீட்டுச் சட்டத்தின்கீழ் அவர் நிறுத்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்பது. ஐம்பது பவுன் தண்டமும் இருபத்தைந்து பவுன் செலவுத்தொகையும் விதிக்கப்பட்டன. நம் தெருக்கூத்துக் கட்டியங்காரனின் பேச்சைக் கேட்டுப் பழகியவர்க்கு மெக்கில் அவ்வளவு பெரிய குற்றவாளியாகத் தோன்றமாட்டார்.

இனிச் சென்னைக்கு வருவோம். சேகரிப்பவர் கை சற்று நடுங்குமிடம் இதுவே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர் முதலிய நிறுவனங்கள் படஅட்டைகளை விற்றன; வீலே – கிளைன் போன்ற ஐரோப்பியப் புகைப்பட நிலையங்கள் படமெடுத்தன. கோயிலும் கடற்கரையும் ஒருபுறமிருக்க, ‘வேடிக்கை’ என்னும் பெயரில் வந்தவற்றில் எள்ளப்பட்டவர் நம் முன்னோரே. ஒருத்தி தலையில் மற்றொருத்தி பேன் பார்க்கும் காட்சிக்கு ‘வேட்டை’ என்று பெயரிட்டார்கள். குதிரையேறி நரிவேட்டையாடும் துரைமார் படித்துச் சிரிப்பதற்காக இட்ட பெயர் அது. துரை இல்லாத வேளையில் அவருடைய வேலையாட்கள் நாற்காலியில் சாய்ந்து, காலைத் தூக்கிப் போட்டு, செய்தித்தாளும் குடியுமாக எசமானர்போல் நடிப்பதாக அமைந்த அட்டைகளும் உண்டு. இவை வீட்டில் ஒளிந்திருந்து எடுத்தவை அல்ல. நிலையத்தில் திட்டமிட்டு அமர்த்தி எடுத்த படங்கள்.

இவ்வட்டைகளைப் பார்த்துச் சினம் கொள்வது எளிது, சினமும் நியாயமானதே. ஆயினும் கூர்ந்து நோக்கினால் வேறொன்றும் புலப்படும். வேலையாள் எசமானைப்போல் நடிக்கும் படத்தில் உண்மையில் கேலிக்குள்ளாவது யார்? கறுப்பு மனிதன் துரையின் இருக்கையில் அமர்வது நகைப்புக்குரியது என்பது அட்டையை வாங்கியவர் எண்ணம். ஆனால் காலை மேலே போட்டுக் குடித்துக்கொண்டு சோம்பியிருப்பதுதான் துரையின் இயல்பு என்பதை அந்த நடிப்பு சொல்லிவிடுகிறதே! படத்தில் அமர்ந்தவர் கூலிக்கு அமர்ந்தவராக இருக்கலாம். அவர் பெயர் அட்டையில் இல்லை. அந்த நடிப்பில் அவருக்கென்று ஓர் உள்மகிழ்ச்சி இருந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன். இது சான்றில்லாத ஊகம்தான், எனினும் விட மனமில்லை.

அட்டையின் பின்புறமும் இன்றியமையாதது. படத்தை மட்டும் பார்ப்பவர் பாதி ஆவணத்தையே பார்க்கிறார். நம்மவரைக் கேலி செய்யும் படத்தின் பின்னால் ‘வெயில் தாங்கவில்லை, அடுத்த கப்பலில் எழுதுகிறேன்’ என்னும் போக்கில் இரண்டு வரி இருக்கக்கூடும். படத்தைப் பற்றி ஒரு சொல்லும் இராது. இழிவுபடுத்துவது அவ்வளவு இயல்பான பழக்கமாக இருந்தது என்பதற்கு அந்த மௌனமே சான்று. சென்னை, பெங்களூர் அட்டைகளை நகர வரலாற்றுச் சான்றாக வைத்து 2018இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய ஆய்வுப் பள்ளியில் ஒரு கண்காட்சி நடைபெற்றது. அவற்றை அங்கே சென்று காண வேண்டியிருந்தது என்பதே நம் நிலை. நம் ஊரில் எடுத்த படங்கள் அயல்நாட்டு வீட்டுப் பரண்களில் கிடந்து, ஏலத்தின் வழியாக மிகுந்த விலையில் நமக்குத் திரும்பி வருகின்றன. இத்தகைய இழிவை விலை கொடுத்து வாங்க வேண்டுமா என்று நண்பர்கள் கேட்பார்கள். வாங்க வேண்டும் என்பதே என் துணிபு. நாம் வாங்காவிட்டால் அதனைப் ‘பழைய இந்தியாவின் இனிய நினைவு’ என்று சட்டமிட்டு மாட்டுபவர் வாங்குவார்.

எள்ளப்பட்டவர் எக்காலத்தும் வாளாவிருந்ததில்லை. வாக்குரிமை கேட்ட ஆங்கிலப் பெண்களை அழகற்றவராகவும் அடங்காதவராகவும் வரைந்து எண்ணற்ற அட்டைகள் வந்தபோது, 1907இல் தோன்றிய கலைஞர் வாக்குரிமைக் கழகம் முதலியன மறுமொழியாகத் தாமே கேலிச்சித்திர அட்டைகளை வெளியிட்டன. மராட்டிய ஓவியர் தூரந்தர் (1867–1944) பம்பாய்த் தெருமாந்தரை அட்டைகளில் தீட்டினார். அவருடைய வேலைக்காரப் பெண் பார்ப்பவரை நேராக நோக்கும் குறும்புப் பார்வையில், எள்ளப்படுபவளின் கூச்சம் சிறிதும் இல்லை. தமிழில் அந்த மறுமொழி அஞ்சலட்டையாக வரவில்லை; இதழாக வந்தது. 1906இல் சென்னையில் தொடங்கிப் பின் புதுச்சேரிக்குப் பெயர்ந்த ‘இந்தியா’ வார இதழில் பாரதியார் வெளியிட்ட கருத்துப்படங்கள் துரைமாரையும் அவர்தம் அடிவருடிகளையும் நகைப்புக்குள்ளாக்கின. அச்சென்னை அட்டைகள் விற்ற காலமும் ஏறத்தாழ அதுவே. பாரதியின் கருத்துப்படங்களை 1994இல் ஆ. இரா. வேங்கடாசலபதி நூலாகத் தொகுத்தளித்தார். அந்த நூலையும் அந்த அட்டைகளையும் ஒரே மேசையில் அருகருகே விரித்துப் பார்ப்பது ஒரு தனி அனுபவம்.

தமிழரின் அஞ்சலட்டை நகை வேறொரு வழியில் சென்றது. நம்மவர் படம் அச்சிட்ட அட்டையை நாடவில்லை. வெற்று அட்டையில் எழுதினார்கள். தபால்காரர் கொண்டுவரும் அட்டையை எழுத்தறியாத பெற்றோர்க்கு அவரே திண்ணையில் அமர்ந்து உரக்கப் படிப்பார்; தெருவே கேட்கும். கேட்கும் என்றறிந்தே எழுதியவர் கேலி உண்டு, மறைபொருள் உண்டு. மாப்பிள்ளையைச் சீண்டி மைத்துனன் எழுதிய வரிக்கு ஊர் முழுதும் சிரித்திருக்கிறது. இதழ்களுக்கு நகைச்சுவைத் துணுக்குகள் சென்றதும் பெரும்பாலும் அஞ்சலட்டையில்தான். அச்சானவை நூலகங்களில் உள்ளன. அச்சாகாதவை குப்பைக்குச் சென்றன. அவற்றுள் எத்தனை ஆயக்குடிச் சிரிப்புகள் இருந்தனவோ!

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதி வாழ்ந்த ரோஜா முத்தையா, நூல்களுடன் திருமண அழைப்பையும் நாடக நோட்டீசையும் கடிதத்தையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பின், 1994இல் அத்தொகுப்பின் மீது சென்னையில் ஓர் ஆய்வு நூலகமே எழுந்தது. அற்பம் என்று பிறர் ஒதுக்கியதை அவர் ஒதுக்கவில்லை. நம் வட்டத்து அன்பர்களின் வீடுகளிலும் அட்டைகள் இருக்கும். சாவுச் செய்தி வந்த அட்டையைப் படித்தவுடன் கிழித்துவிடுவது நம் வழக்கம். ஆகவே எஞ்சி நிற்பவை பெரும்பாலும் நலமும் மங்கலமும் கேலியும் சுமந்தவையே. பரண் ஒழிக்கும்போது அவை பழைய தாள் கடைக்கு எடைக்குப் போகின்றன.

போகுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஞெகிழியுறையில் சூடேற்றி ஒட்டிவிட வேண்டா. அது அட்டையைக் கெடுக்கும். அமிலமில்லாத தாளுறையில், ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைத்தால் போதும். முகவரி, அஞ்சல் முத்திரைத் தேதி, யாருக்கு யார் எழுதியது என்னும் குறிப்பை வீட்டுப் பெரியவரிடம் இன்றே கேட்டுத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். அட்டையின்மேல் எழுத வேண்டா. அட்டையின் நடுவில் ஒரு துளை இருக்கும். கூடத்தில் தொங்கிய வளைகம்பியில் வரிசையாகக் குத்தி வைத்ததன் அடையாளம் அது. அயல்நாட்டு விலைப்பட்டியலில் துளையுள்ள அட்டைக்கு மதிப்பு குறைவு. எந்த வீட்டிலிருந்து வந்த அட்டை என்பதை எனக்கு முதலில் சொல்வது அந்தத் துளைதான்.