வளரும் மூளையில் திட்டமிட்ட உயிரணு இறப்பு

வளரும் மூளையில் திட்டமிட்ட உயிரணு இறப்பு என்பது, பாலூட்டிகளின் மூளை உருவாகும்போது, தேவைக்கு மிகுதியாகத் தோன்றிய உயிரணுக்கள் தம்முள் அமைந்த மரபணுக் கட்டளைகளின்படி தாமே மடியும் நிகழ்வாகும். இது நோய் அன்று. இயல்பான வளர்ச்சியின் ஒரு பகுதி. காயத்தால் இறக்கும் உயிரணு வீங்கி வெடித்து அழற்சியை உண்டாக்கும். இவ்வகையில் இறக்கும் உயிரணுவோ சுருங்கிச் சிறு துண்டுகளாகப் பிரிகிறது; அவற்றை மைக்ரோகிளியா எனப்படும் உயிரணுக்கள் விழுங்கி அகற்றுகின்றன. 1972 இல் கெர், வில்லி, கரி ஆகியோர் இதற்கு அப்போப்டோசிஸ் எனப் பெயரிட்டனர்.

வரலாறு

1949 இல் விக்டர் ஹாம்பர்கர், ரீட்டா லெவி-மோண்டால்சினி ஆகியோர் கோழிக் கருவில் நரம்பணுக்கள் இயல்பாகவே இறப்பதை விளக்கினர். உறுப்பு முளையை நீக்கியபோது இறப்பு மிகுந்தது. இதனைத் தொடர்ந்த ஆய்வுகளில் நரம்பு வளர்ச்சிக் காரணி கண்டறியப்பட்டது. இதற்காக லெவி-மோண்டால்சினியும் ஸ்டான்லி கோகனும் 1986 இல் நோபல் பரிசு பெற்றனர்.

செயல்முறை

இறப்புக் கட்டளை பிறந்ததும் மைட்டோகாண்டிரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி வெளியேறுகிறது. அது காஸ்பேஸ்-9 நொதியையும், அதன் வழியாகக் காஸ்பேஸ்-3 நொதியையும் தூண்டுகிறது. பின்னது உயிரணுவின் புரதங்களை வெட்டுகிறது. இந்நொதிகள் நீக்கப்பட்ட எலிக் கருக்களில் மிகுதியான உயிரணுக்கள் எஞ்சி, மூளை உருக்குலைந்தது. பல கருக்கள் பிழைக்கவில்லை.

புற நரம்பு மண்டலத்தில், வளர்ச்சிக் காரணி போதிய அளவு கிடைக்காத நரம்பணுக்கள் மடிகின்றன. மூளையில் இவ்விதி முழுமையாகப் பொருந்துவதில்லை. எலியின் பெருமூளைப் புறணியில் தடுப்பு வகை இடைநரம்பணுக்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு பிறப்புக்குப் பின் இறக்கின்றன. அதன் காலத்தை அவற்றின் சொந்த வயதே வரையறுப்பதாக 2012 இல் வெளியான ஆய்வு காட்டியது.

மருத்துவ முக்கியத்துவம்

இந்நிகழ்வு குறைந்தாலும் கூடினாலும் கேடு விளையும். மது, எலிக் குட்டிகளின் மூளையில் இவ்விறப்பைப் பன்மடங்கு தூண்டுவதாக 2000 இல் அறியப்பட்டது. கருவுற்ற பெண்கள் மதுவை முற்றிலும் தவிர்க்க வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணமாகும். சில மயக்க மருந்துகளும் விலங்குகளில் இவ்விளைவைக் காட்டியதால், மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அவற்றை நீண்ட நேரம் அல்லது பலமுறை அளிப்பது குறித்து 2016 இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் எச்சரித்தது. எனினும், பச்சிளங்குழந்தைகளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரத்திற்குட்பட்ட மயக்கமளிப்பு ஐந்து வயதில் அறிவுத்திறனைக் குறைக்கவில்லை என 2019 இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது.

தமிழ்நாட்டில்

மனிதக் கருவின் மூளையை உயிரணு அளவில் காண்பது அரிது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 திசம்பரில் வெளியிட்ட 'தரணி' என்னும் முப்பரிமாணப் படத்தொகுப்பு இக்குறையை ஓரளவு நீக்கியது. கருவின் 14 முதல் 24 வாரங்கள் வரையிலான மூளைகளின் 5,132 வெட்டுகளை இது கொண்டுள்ளது. உயிரணுக்கள் தோன்றி இடம்பெயரும் பகுதிகளை இதில் காணலாம்.