சினிமாக் கொட்டகையில் ஒரு சிம்பொனி

கல்பாக்கம் கடற்கரையில் நின்று நண்பரைக் கூப்பிட்டுப் பாருங்கள். குரலைக் காற்று வாரிக்கொண்டு போய்விடும். அதே குரல் மாமல்லபுரத்துக் குகைக்கோயிலுக்குள் சற்று நின்று ஒலிக்கும். சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதே காரணம்.

இந்த முழக்கம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கணக்கிடும் வழியை 1890களில் கண்டவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் ஸாபின். மற்றோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து, அவை ஒலியை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று அளந்தார்! பேச்சுக்கு ஏறத்தாழ 1 விநாடி முழக்கம் போதும். மிஞ்சினால் சொற்கள் குழம்பும். சிம்பொனிக்கோ 2 விநாடி வரை வேண்டும்.

இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று அரங்கேறிய லண்டன் அப்பல்லோ அரங்கை இனி நினைத்துப் பாருங்கள். 1932இல் அது சினிமாக் கொட்டகையாகத் திறக்கப்பட்டது. வசனம் தெளிவாகக் கேட்க வேண்டிய கூடம். திரைக்கே வாழ்நாளெல்லாம் இசையமைத்தவருக்குப் பொருத்தமான இடம்தான்! ராபர்ட் குரோமி வடிவமைத்த அக்கட்டடம் 1990 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. 2013இல் புதுப்பித்தபோது, பல்லாண்டுகளாக மறைந்து கிடந்த பளிங்குத் தரை மீண்டும் வெளிப்பட்டது. தொடக்க நாளில் பொருத்திய காம்ப்டன் ஆர்கனும் 2007இல் செப்பனிடப்பட்டு அங்கேயே இருக்கிறது.