பதினான்கு புள்ளி அதிகாரம்

எழுத்துருவுல என்னய்யா அரசியல் என்பவர்களுக்கு அமெரிக்க வெளியுறவுத்துறைக் கோப்புகளைத்தான் நான் காட்டுவேன். 2004இல் அங்கே கூரியர் நியூ போய் டைம்ஸ் நியூ ரோமன் வந்தது, 14 புள்ளி அளவில். 2023இல், பார்வைக் குறைபாடுள்ளோர் வாசிக்க எளிதென்று சொல்லி பிளிங்கன் காலிப்ரிக்கு மாற்றினார். 2025 டிசம்பரில் ரூபியோ அதைப் பன்முகத்தன்மைத் திட்டத்தின் வீண்செலவு எனப் பழித்துப் பழையதைத் திரும்பக் கொண்டுவந்தார். கண்ணியத்தை மீட்கிறாராம். யாருடைய கண்ணியம்?

டைம்ஸ் நியூ ரோமன் அரச முத்திரையோடு பிறந்ததல்ல. லண்டன் நாளிதழ் ஒன்றுக்காக ஸ்டான்லி மாரிசன் மேற்பார்வையில் உருவாகி 1932இல் அச்சேறியது. ஒடுங்கிய பத்திக்குள் சொற்களை நெருக்கி அடைக்கத் தோதான எழுத்து, அவ்வளவுதான். அந்தப் பத்திரிகையே 1972இல் அதைக் கைவிட்டாச்சு. பத்திரிகைக்காரன் சிக்கனம் அரசாங்கக் கம்பீரமாகக் கட்டமைக்கப்பட்டது பிற்பாடு, கணிப்பொறிகளோடு அது மேசைதோறும் போய்ச் சேர்ந்தபோது. இப்போ அந்தக் கம்பீரத்தின் பேரில் மங்கிய கண்ணுக்கான சலுகை ஒரே ஆணையில் ரத்தாகிறது. எழுத்துமுனைக் கொடுக்குகள் மறுபடி முளைத்துவிட்டன. அளவு மட்டும் அதே 14 புள்ளி.